ஆஸ்பத்திரியில் டூட்டி லிஸ்ட் போடும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தனியார் மருத்துவமனையின் டூட்டி அலுவலகத்தில் சில வருடங்கள் இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள், லிஸ்டைப் பார்த்துக் கோபப்படும் நர்சுகள், எப்போதாவது நோயாளியின் வீட்டார் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளின் நடைமுறையை வைத்துத்தான் பதில்கள். அரசு மருத்துவமனைகளில் நியமனம், இடமாற்றம் எல்லாம் வேறு வழியில் நடக்கும்.

அந்த அலுவலகத்தில் அப்படி என்னதான் வேலை?

எந்த வார்டில், எந்த ஷிப்டில், யார் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து எழுதுவது. எழுதியது காலையில் கலைந்துபோனால் திரும்ப எழுதுவது. பார்ப்பதற்கு அவ்வளவுதான். அதற்குப் பின்னால் லீவ் கணக்கு, காம்ப் ஆஃப் (ஆஃப் நாளில் வேலைக்கு வந்ததற்கு ஈடாகத் தரும் விடுமுறை), ஓவர்டைம், பயோமெட்ரிக்கில் பதிவானதும் லிஸ்டில் இருப்பதும் பொருந்துகிறதா என்று பார்ப்பது, மாதக் கடைசியில் சம்பளப் பிரிவுக்கு அனுப்புவது எல்லாம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, பலர் இதை மறந்துவிடுவார்கள்: பதிவு காலாவதி ஆகிறதா என்று கவனிப்பது. தமிழ்நாட்டில் வேலை செய்யும் நர்ஸ் இங்குள்ள செவிலியர் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கேரளத்திலோ வேறு மாநிலத்திலோ படித்து வந்தவர் இங்கே பதிவை மாற்றியாக வேண்டும். பதிவைப் புதுப்பிக்காதவர் பெயரை நைட் டூட்டியில் போட்டு, அன்றைக்கு வார்டில் ஏதாவது அசம்பாவிதம் நடந்தால், முதலில் கேட்கப்படும் தாள் உங்கள் லிஸ்ட்தான்.

நர்சிங் படித்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. மனிதவளப் பிரிவிலிருந்து வருபவர்களும் இருக்கிறார்கள், பி.காம் முடித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் வார்டில் நின்று பழகியவர் போடும் லிஸ்ட் தனியாகத் தெரியும். டயாலிசிஸ் யூனிட்டில் பழகியவரைத் திடீரென்று லேபர் ரூமில் நிறுத்த முடியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நர்சிங் படிக்காதவராக இருந்தால், சேர்ந்த முதல் மாதம் ஒவ்வொரு வார்டிலும் ஒரு ஹேண்டோவர் நேரத்தில், அதாவது ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது, போய் ஓரமாக நின்று கேளுங்கள். எக்செல்லை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

30 படுக்கை உள்ள ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. நிர்வாகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான்.

பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு சொன்ன அளவு. இந்திய நர்சிங் கவுன்சில் இன்னும் தாராளம்: கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் ஒருவருக்கு ஒருவர். சரி, ஆறுக்கு ஒன்றையே வைத்துக்கொள்வோம். 30 படுக்கைக்கு ஒரு ஷிப்டில் 5 பேர். மூன்று ஷிப்டுக்கு 15.

“அப்போ 15 பேர் எடுத்தால் போதும்” என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அங்கேதான் தப்பு. வார்டு 365 நாளும் திறந்திருக்கிறது, ஆள் 365 நாளும் வரமாட்டார். வார விடுமுறை 52 நாள். சி.எல். 12, உடம்பு முடியாத லீவ் 12, ஈட்டிய விடுப்பு 15, பண்டிகை விடுமுறை 9 என்று ஒரு சாதாரணக் கணக்கு வைத்தாலே மொத்தம் 100 நாள் போய்விடுகிறது. மீதி 265. 365-ஐ 265-ஆல் வகுத்தால் 1.38 வரும். அதாவது தினமும் ஒரு இடம் நிரம்பியிருக்க 1.38 ஆள் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். 15 இடத்துக்கு 20.7, அதாவது 21 பேர். நர்சிங் கவுன்சிலும் லீவுக்காக 30 சதவீதம் கூடுதலாக வைக்கச் சொல்கிறது, கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இதிலும் நைட் ஆஃப் (தொடர் நைட் டூட்டி முடிந்ததும் தரும் ஓய்வு), பிரசவ விடுப்பு, பயிற்சி வகுப்பு, இன்னும் தனியாக நோயாளியை ஒப்படைக்க முடியாத புதியவர்கள், நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கல்ஃப் விசாவுக்குக் காத்திருப்பவர்கள் யாரும் சேரவில்லை. நடைமுறையில் பல இடங்களில் காலைக்கு 5, மாலைக்கு 4, இரவுக்கு 3 என்று குறைத்து ஓட்டுவார்கள். அப்படியும் 12 இடத்துக்கு 17 பேர் வேண்டும். 14 பேரைக் கொடுத்துவிட்டு “நல்லா ப்ளான் பண்ணுங்க” என்று சொன்னால், லிஸ்ட் போடுபவரால் பற்றாக்குறையை எல்லா வார்டுக்கும் சமமாகப் பங்கு போட முடியும், இல்லாமல் ஆக்க முடியாது. இதைத் தாளில் கணக்காக எழுதி, தேதி போட்டு, மேலே அனுப்பி வையுங்கள். வாயால் சொன்னது அந்தக் கூட்டத்தோடு போய்விடும்.

இந்த விகிதங்களைக் கடைப்பிடிக்காவிட்டால் தண்டனை உண்டா?

நம் ஊரில் பெரும்பாலும் இவை பரிந்துரைகளாகவே நிற்கின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டமே போட்டு 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே பொது வார்டில் ஒரு நர்சுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கொடுக்க முடியாது, ஐ.சி.யு.வில் இரண்டு. பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. ஒரு நர்சுக்குக் கூடுதலாக ஒரு நோயாளியைக் கொடுத்தால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. “ஒரு பேஷன்ட் தானே, பார்த்துக்கோங்க” என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

படுக்கை எண்ணிக்கை தெரிந்தால் போதுமா?

போதாது. இரவு 12 மணிக்கு எடுக்கும் நோயாளி எண்ணிக்கையில் (சென்சஸ்) 24 பேர் என்று இருக்கும். அந்த 24 பேரில் ஆறு பேர் நேற்று ஆபரேஷன் ஆனவர்களா, இல்லை எல்லாரும் நாளை வீட்டுக்குப் போகிறவர்களா என்பது எண்ணில் தெரியாது.

இன்னொரு விஷயம் மாலை ஷிப்ட். காலையிலேயே டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிடுவார். ஆனால் இன்சூரன்ஸ் அப்ரூவல் வர மாலை நான்கு, ஐந்து ஆகும். அதே நேரம் அடுத்த நாள் ஆபரேஷனுக்கு அட்மிஷன் வந்து நிற்கும். பழைய நோயாளி கட்டிலைவிட்டு இறங்கவில்லை, புது நோயாளி பையோடு வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு வீட்டாருக்கும் பதில் சொல்ல வேண்டியது அதே நர்ஸ். “ரவுண்ட்ஸ் எல்லாம் காலையில் முடிந்துவிடும், மாலைக்கு ஆள் குறைக்கலாம்” என்ற பழைய வழக்கம் காப்பீடு பரவலாவதற்கு முன் வந்தது. இப்போது அது பொருந்தாது என்பது என் அபிப்பிராயம்.

எந்த மாதம் கஷ்டம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை, அதோடு டெங்கு. காய்ச்சல் வார்டு நிரம்பும், ஸ்டாஃபுக்கும் காய்ச்சல் வரும், நடுவில் தீபாவளி, கடைசியில் கிறிஸ்துமஸ்.

மே மாதம் வேறு மாதிரி. பள்ளி லீவு என்பதால் குழந்தைகளுக்கு டான்சில் ஆபரேஷன் போன்றவற்றை வீட்டார் அப்போதுதான் வைத்துக்கொள்வார்கள். அதே லீவில் குழந்தையோடு ஊருக்குப் போக வேண்டும் என்று நர்சும் கேட்பார். லேபர் ரூமுக்குத் தனிக் காலண்டரே உண்டு. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து சிசேரியன் கேட்பவர்கள் குறையவில்லை. அஷ்டமி, நவமியில் காற்று வாங்கும், முகூர்த்த நாளில் தியேட்டர் வரிசை கட்டும். லிஸ்ட் போடும் மேசையில் பஞ்சாங்கம் இருப்பதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

காலை ஆறு மணிக்கு மூன்று பேர் “வரமுடியாது” என்றால் என்ன செய்வீர்கள்?

முதலில் போனைக் கீழே வைத்துவிட்டு நைட் சூப்பர்வைசரிடம் கணக்கு கேட்பேன். எந்த வார்டில் எத்தனை பேர், இன்று டிஸ்சார்ஜ் எத்தனை, ஆபரேஷன் லிஸ்ட் எவ்வளவு நீளம். மூன்று பேர் வராததால் உண்மையில் மூன்று இடம் காலியா என்பது அதற்கு அப்புறம்தான் தெரியும். சில நாள் ஒரு இடம்தான் காலியாக இருக்கும்.

அடுத்து, நோயாளி குறைவாக உள்ள வார்டிலிருந்து ஒருவரை மாற்றுவது. ஃப்ளோட் ஸ்டாஃப் (ஒரு வார்டோடு நிற்காமல் தேவையான இடத்துக்கு அனுப்பப்படுபவர்கள்) இருந்தால் அவர்கள். அதிலும் போதவில்லை என்றால் ஆஃபில் இருப்பவர்களுக்கு போன், ஹாஸ்டலுக்கு ஆள், மாலைக்கு வருபவரை 11 மணிக்கே வரச் சொல்வது. இன்சார்ஜ் சிஸ்டர் பைலை மூடி வைத்துவிட்டு தானே நான்கு நோயாளியை எடுத்துக்கொள்வதும் உண்டு, நல்ல இன்சார்ஜ் என்றால் கேட்காமலே செய்வார். நைட் முடித்தவரை “இன்னும் கொஞ்ச நேரம்” என்று பிடித்து வைப்பது கடைசி வழி. 2004-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 12.5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் நர்சிடம் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்றது. நம் இரவு ஷிப்ட் பல இடங்களில் ஏற்கெனவே 12 மணி நேரம்.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால், படுக்கை காலியாக இருந்தாலும் அந்த வார்டில் அட்மிஷனைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும் அதிகாரம் லிஸ்ட் போடுபவருக்கு இருக்காது. என்.எஸ். (நர்சிங் சூப்பரின்டென்டென்ட்) மூலமாகத்தான் போக வேண்டும், அவர் வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருப்பார். ஆனாலும் கேட்டுவிட வேண்டும், கேட்டதைக் குறித்தும் வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆஃபில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும் என்றதும், மறுக்கத் தெரியாதவரின் நம்பர்தான் முதலில் நினைவுக்கு வரும். அவரும் வருவார். மூன்று மாதம் இப்படி வந்துவிட்டு ஒரு நாள் ராஜினாமா கடிதத்தோடு வந்து நிற்பார். யாரை எந்தத் தேதியில் கூப்பிட்டோம், வந்தாரா, அதற்கு காம்ப் ஆஃப் கொடுத்தோமா என்று ஒரு நோட்டு போட்டு, வரிசைப்படிதான் கூப்பிட வேண்டும்.

நைட் டூட்டியை எப்படிப் பிரிப்பது?

பல மருத்துவமனைகளில் ஒரு வாரம் தொடர்ந்து நைட், பிறகு நைட் ஆஃப். இதில் சண்டை எத்தனை நைட் என்பதில் மட்டும் இல்லை, எந்த வரிசையில் வருகிறது என்பதிலும்தான். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு கொஞ்சம் ஒத்துழைக்கும். இரவிலிருந்து நேராகக் காலைக்குத் திருப்பினால் யாருக்கும் தாங்காது. நைட் முடித்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனவரின் அந்த நாளை “ஆஃப்” என்று எழுதுகிற ஏமாற்று வேலை சில இடங்களில் நடக்கிறது. அது ஆஃப் இல்லை, தூங்கும் நாள். ஆஃப் அடுத்த நாளிலிருந்து கணக்கு.

இரவில் யார் யார் சேர்ந்து நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். மூன்று பேரில் இரண்டு பேர் புதியவர்கள் என்றால் அந்த இரவு ஒருவரின் தலையில் விழும். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து நன்றாக வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டி “நெஞ்சைக் கரிக்குது” என்று சொன்னால் அது என்ன என்று புரிய, தமிழ் தெரிந்த ஒருவராவது அந்த வார்டில் வேண்டும். இதை எந்த விதிப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் லீவை யாருக்குக் கொடுப்பது?

சீனியருக்குத்தான் என்று ஒரு கட்சி, முதலில் கேட்டவருக்கு என்று ஒரு கட்சி. இரண்டும் சரிவராது. சீனியர் என்று பார்த்தால் புதியவர் மூன்று வருடம் ஊருக்கே போக மாட்டார். முதலில் கேட்டவருக்கு என்றால் ஜனவரி முதல் தேதியே தீபாவளிக்கு லெட்டர் வந்துவிடும்.

வருடத்தில் பெரிய பண்டிகைகளில் ஒன்று உறுதி, மற்றவற்றில் வேலை, போன வருடம் கிடைக்காதவருக்கு இந்த வருடம் முதலிடம் என்று வைத்தால் ஓரளவு அமைதி இருக்கும். கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஸ்டாஃபில் நிறையப் பேருக்கு டிசம்பர் 24, 25 வேண்டும். கேரளத்துக்காரர்களுக்கு ஓணம். தீபாவளியில் அவர்கள் நிற்பார்கள், கிறிஸ்துமஸில் மற்றவர்கள் நிற்பார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் நாம் சொல்லாமலே வார்டுக்குள் நடந்துவிடும். சிக்கல் பொங்கலில்தான்.

லீவ் கொடுப்பதைவிட முக்கியம் எப்போது சொல்கிறோம் என்பது. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன் திறந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள். பண்டிகை லிஸ்ட் அதற்கு முன் வெளியே வந்தால்தான் அந்த லீவுக்குப் பொருள் உண்டு. ஒரு வாரம் முன்பு “சரி, போய்ட்டு வா” என்றால் ஆம்னி பஸ் டிக்கெட்டுக்கே சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடும்.

தீபாவளி வாரத்தில் அவசரமில்லாத ஆபரேஷன்கள் தள்ளிப்போகும், வார்டு காலியாகும், அங்கே தாராளமாக லீவ் கொடுக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் மட்டும் கை வைக்காதீர்கள், பட்டாசுக் காயங்கள் வரும்.

இரண்டு பேர் பேசி டூட்டியை மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எழுத்தில், இன்சார்ஜ் கையெழுத்தோடு, மாற்றம் நடக்கும் முன்பு. வாட்ஸ்அப்பில் “ஓகே டி” என்று போட்டது கணக்கில் வராது. இருவரும் ஒரே மாதிரி வேலை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், மாற்றியதால் நைட்டுக்கு அடுத்த காலையே டூட்டி என்று விழக்கூடாது. லிஸ்டில் திருத்தும்போது ஒயிட்னர் பூசாதீர்கள். ஒரே கோடு போட்டு அடித்து, மேலே எழுதி, கையெழுத்து. நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தால், அன்றைக்கு யார் இருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு?

கேத் லேப் (ஆஞ்சியோகிராம் செய்யும் இடம்), எக்ஸ்ரே, கீமோ மருந்து கலக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து சொன்ன அன்றே மாற்ற வேண்டும். சட்டப்படி 26 வாரம் பிரசவ விடுப்பு. 2017 திருத்தத்துக்கு முன் இது 12 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் இப்போதும் 12 வாரம்தான். திரும்பி வந்தவருக்குக் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை உண்டு. லிஸ்டில் இதற்கு இடமே இருக்காது, அந்த நேரத்தில் அவருடைய நோயாளிகளைப் பார்ப்பவர் யார் என்று நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

சாஃப்ட்வேர் வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு?

சாஃப்ட்வேர் நல்லது. இரண்டு இடத்தில் ஒரே ஆளைப் போடாது, நைட் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லும். மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக செவ்வாய், வெள்ளி காலை வேண்டும் என்று கேட்டவரை அதற்குத் தெரியாது. ஒரே வார்டில் நிற்க முடியாத அளவுக்கு மனஸ்தாபம் உள்ள இரண்டு பேரையும் தெரியாது. நான் பார்த்தவரை சாஃப்ட்வேர் வாங்கிய இடங்களிலும் எக்செல் ஷீட் ஒன்று பக்கத்தில் திறந்தே இருக்கிறது.

டாக்டர்களின் டூட்டியும் இங்கேதானா?

டூட்டி டாக்டர் லிஸ்ட் சில இடங்களில் இங்கே, பல இடங்களில் மருத்துவக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில். பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று 1992-இலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. எந்த முதுகலை மாணவரிடமும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

“வேண்டியவர்களுக்கு நல்ல டூட்டி போடுகிறீர்கள்” என்ற புகார் வருமே?

மாதாமாதம் வரும். வாதாடிப் பயனில்லை. கடந்த ஆறு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் எத்தனை நைட், எத்தனை ஞாயிறு ஆஃப், எத்தனை பண்டிகை நாள் என்று ஒரு பட்டியலை வார்டு சுவரில் ஒட்டிவிடுங்கள். புகார் உண்மையென்றால் அதிலேயே தெரியும், பொய்யென்றாலும் தெரியும். உண்மையாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு: மேலே இருப்பவர் போன் போட்டு “அந்தப் பொண்ணுக்கு நைட் வேண்டாம்” என்பார். அந்த மாதிரி போன்களை பட்டியல் ஓரளவு குறைக்கும்.

எத்தனை முறை ஆள் எடுத்தாலும் ஏன் நிற்பதில்லை?

சம்பளம். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசு நர்சுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அது எத்தனை இடத்தில் நடக்கிறது என்று படிப்பவர்களுக்கே தெரியும். இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த வேலைக்கு நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் பன்னிரண்டு பெயர்கள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து ஒரு வார லிஸ்ட் போடச் சொல்வார்கள். இரண்டு பேருக்கு லீவ், ஒருவர் கர்ப்பம், ஒருவர் புதியவர் என்று இருக்கும். முதலில் நைட்டை நிரப்புங்கள், அப்புறம் ஆஃபை, கடைசியில் காலை, மாலை. காலையிலிருந்து தொடங்குபவர்கள் வியாழக்கிழமை நைட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் இப்போது எத்தனை காலி? அட்மிஷனை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? உங்கள் வார விடுமுறையில் காலை ஆறு மணி போனை எடுப்பது யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் வந்தால் சேரலாம். “அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று பதில் வந்தால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.